அரை மணி பின்தங்கி நின்ற நகரம்

நேரம் வந்த வழி: 9

1871-இல் ராய்ச்சூரில் இரண்டு இருப்புப்பாதைகள் சந்தித்தன. பம்பாயிலிருந்து புனா, சோலாப்பூர் வழியாக வந்தது கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வே. மதராஸிலிருந்து அரக்கோணம், கடப்பை, குத்தி, ஆதோனி வழியாக வந்தது மதராஸ் ரயில்வே. நிஜாம் சீமையின் அந்தச் சின்ன ஊரில் தண்டவாளங்கள் இணைந்த பிறகு, மதராஸில் ஏறுகிறவர் பம்பாயில் போய் இறங்கலாம் என்றாயிற்று. அதுவரை கப்பலிலும் மாட்டுவண்டியிலும் வாரக்கணக்கில் போன தூரம் அது.

மதராஸில் ஏறும்போது சட்டைப்பையில் ஒரு கடிகாரம் வைத்திருந்தவருக்கு வழி நெடுகத் தொல்லை ஏதும் இல்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சுவர்க் கடிகாரமும் அவருடைய கடிகாரமும் ஒத்துப்போகும். பம்பாய் போரிபந்தர் ஸ்டேஷனில் இறங்கும்போதும் ஒத்துப்போகும். ஸ்டேஷன் வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும்தான் சிக்கல். ரயில்காரர்களின் கணக்கில் மணி 8 என்றால் தெருவில் இருப்பவர்களுக்கு 7.30. நகரம் முழுவதும் அரை மணி பின்னால் நின்றது. இதில் யாரும் சோம்பேறித்தனமாக இருந்துவிடவில்லை. இரண்டு கடிகாரங்களுமே சரியாகத்தான் ஓடின. ஒன்று பம்பாய் சூரியனைப் பார்த்து ஓடியது, மற்றது 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் மதராஸ் சூரியனைப் பார்த்து ஓடியது.

சென்ற இதழில் நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணையும், அதன் மேல் கருவியை ஏற்றி நட்சத்திரங்களின் உச்சியைக் குறித்துவைத்த வானாய்வகத்தையும் பார்த்தோம். 1792-இல் எழுந்த அந்த ஆய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் மதராஸின் தீர்க்கரேகையைக் கணித்தார். அதிலிருந்து பிறந்தது மதராஸ் நேரம். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். பம்பாயின் கொலாபா ஆய்வகம் 1826-இல் வந்தது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்ள நேரம் கொடுப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. அங்கே கணக்கு 4 மணி 51 நிமிடம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 30 நிமிடம்.

ஏன் 30 என்பதற்கு விடை எளிது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிடம் ஆகிறது. பம்பாய்க்கும் மதராஸுக்கும் இடையே கிழக்கு மேற்காக ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. நாலால் பெருக்கினால் அரை மணி வந்துவிடும். பஞ்சாங்கம் கணித்த நம் முன்னோர்களுக்கு இந்தப் பெருக்கல் கைவந்த ஒன்று. அவர்கள் அதைத் தேசாந்தரத் திருத்தம் என்றார்கள். 60 நாழிகை கொண்ட ஒரு நாளில் ஒரு பாகைக்கு 10 விநாழிகை. மதராஸில் உச்சிக்கு வந்த சூரியன் பம்பாயில் உச்சிக்கு வர ஒன்றேகால் நாழிகை. உஜ்ஜயினி வழியாக ஓடும் நடுக்கோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊருக்கும் கூட்டியும் கழித்தும் கிரகணம் சொன்ன மரபு அது. ஆகவே ஊருக்கு ஊர் நேரம் மாறும் என்பது இந்தியாவுக்கு வெள்ளைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த பாடமல்ல. ஒரே நேரத்தை எல்லா ஊரிலும் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் புதிது. அந்தக் கட்டாயத்தைக் கொண்டுவந்தது ரயில்.

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வரும்போது, எந்த ஸ்டேஷனில் எது ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதை அட்டவணைதான் முடிவு செய்தது. இரு முனைகளிலும் கடிகாரம் வேறுபட்டால் உயிர்கள் போகும். ராய்ச்சூரையே எடுத்துக்கொள்ளலாம். அந்த ஊரின் சூரியக் கணக்கு மதராஸுக்கு 12 நிமிடம் பின்னால், பம்பாய்க்கு 18 நிமிடம் முன்னால். ஒரே நடைமேடையில் மூன்று நேரம் வைத்துக்கொண்டு யாரும் வண்டி ஓட்ட முடியாது. கம்பெனிகள் பேசி முடிவுக்கு வந்தன. 1870-ஐ ஒட்டி இந்திய ரயில்வேக்களின் பொது நேரமாக மதராஸ் நேரம் ஆனது.

கல்கத்தா தலைநகரமாக இருக்க மதராஸ் எப்படி வந்தது? காரணங்கள் இரண்டு. மதராஸ் ஏறக்குறைய பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் நடுவில் கிடந்தது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம். ஒரு பக்கம் 30 நிமிடம், மறு பக்கம் 32 நிமிடம் என்று யாருக்கும் பெரிய பாரம் இல்லை. இரண்டாவது காரணம், நம்பத் தகுந்த வானாய்வகமும் அதிலிருந்து தினமும் தந்திக் கம்பி வழியாகச் செல்லும் நேரக் குறியும். அன்று அங்கே பொறுப்பில் இருந்தவர் நார்மன் போக்சன். அவருக்குத் துணையாக நட்சத்திரப் பட்டியல்களைத் தயாரித்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் பெற்றவர். வடக்கே லாகூர் வரை ரயில் கார்டுகள் பார்த்து விசில் ஊதிய நேரம் நுங்கம்பாக்கத்துத் தோட்டத்தில் இரவு கண் விழித்தவர்கள் கணித்த நேரம் என்பது, தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகங்களில் இடம்பெற்றிருக்க வேண்டிய செய்தி.

பம்பாய்க்காரர்களுக்கோ இது தலைவலி. வண்டி 8 மணிக்கு என்று அட்டவணை சொன்னால் வீட்டுக் கடிகாரத்தில் 7.30-க்கே பெட்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். வருகிறவரை அழைக்கப் போகிறவரும் அதே போலக் கழித்துக்கொள்ள வேண்டும். அரை மணி வித்தியாசம் ஒரு மணி வித்தியாசத்தைவிடப் பொல்லாதது. ஒரு மணி என்றால் நிமிட முள்ளில் கை வைக்க வேண்டாம், மணியை மட்டும் மாற்றினால் போதும். அரை மணியில் 7.45 என்பது 7.15 ஆகிறது, 8.10 என்பது 7.40 ஆகிறது. மணியும் நிமிடமும் சேர்ந்து நகர்கின்றன. அவசரத்தில் இருப்பவர் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் பிழை ஒரு மணி நேரமாகிவிடும். வண்டி போய் வெகு நேரம் ஆன பிறகு ஸ்டேஷனுக்கு வந்து சேர்வார். கிழக்கே இருப்பது முன்னால், மேற்கே இருப்பது பின்னால் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

ரயிலுக்கு ஒரு நேரம், ஊருக்கு ஒரு நேரம் என்று பத்து ஆண்டுகள் போயின. 1881-இல் பம்பாய் கவர்னர் சர் ஜேம்ஸ் பெர்குசன் இந்த இரட்டை வாழ்க்கையை முடித்துவைக்க நினைத்தார். புனாவின் புகழ்பெற்ற கல்லூரிக்குப் பெயர் தந்தவர் இவர்தான். இனி அரசு அலுவலகங்களுக்கு மதராஸ் நேரமே என்று உத்தரவு போட்டார். யாரையும் கேட்கவில்லை. பம்பாய் கொதித்தது. வணிகர் சங்கம் எதிர்த்தது, பத்திரிகைகள் எதிர்த்தன. நாட்டிலேயே மிகுதியாகப் பணம் புரளும் துறைமுகம், பருத்தியின் தலைநகரம், தன்னுடைய உச்சிப் பொழுதை மதராஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி.

சண்டையின் நடுவே சிக்கியது ராஜாபாய் கோபுரம். பல்கலைக்கழக வளாகத்தில் 280 அடி உயரத்தில் நிற்கும் அந்தக் கடிகாரக் கோபுரம் 1878-இல் கட்டி முடிந்தது. வரைந்தவர் சர் கில்பர்ட் ஸ்காட், பணம் கொடுத்தவர் பருத்தி வியாபாரத்தில் கோடி சேர்த்த பிரேம்சந்த் ராய்சந்த். தாயார் ராஜாபாயின் பெயரை வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் கண் தெரியாதவர், சமணர், பொழுது சாயும் முன் உண்டு முடிக்கும் நோன்புடையவர், கோபுர மணி அவருக்கு நேரம் சொல்லும் என்பதால்தான் மகன் கட்டினார் என்று பம்பாயில் இன்றும் சொல்வார்கள். சூரியனோடு ஒட்டிய அந்தக் கோபுரம் எந்த நேரத்தைக் காட்டுவது? பல்கலைக்கழகத்தின் செனட் கூடி, பம்பாய் நேரமே என்று வாக்களித்தது. மதராஸ் நேரம் காட்டாத கடிகாரத்துக்கு இரவு விளக்குச் செலவு தர முடியாது என்று அரசு கைவிரித்தது. இருட்டில் நின்றாலும் நிற்கும், முள்ளைத் திருப்ப மாட்டோம் என்று நின்றார்கள். 1883-இல் அரசுதான் இறங்கிவந்தது. பம்பாய் தன் அரை மணியை மீட்டுக்கொண்டது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து அடுத்த சுற்று வந்தது. இம்முறை எதிரே நின்றது மதராஸ் அல்ல, கிரீன்விச். 1884-இல் வாஷிங்டனில் கூடிய நாடுகள் கிரீன்விச்சை உலகின் தொடக்கக் கோடாக ஏற்றிருந்தன. மணியும் அரை மணியுமாக அதிலிருந்து கணக்குப் பார்க்க வேண்டும் என்பது அறிவியல் சங்கங்களின் வற்புறுத்தல். இந்தியாவை 5 மணி, 6 மணி என்று இரண்டாக வகுக்கலாம் என்ற யோசனையும் இருந்தது. கர்சன் பிரபுவின் அரசு நடுவில் வெட்டியது. அலகாபாத் அருகே ஓடும் 82½ பாகைக் கோடு, கிரீன்விச்சுக்கு 5 மணி 30 நிமிடம் முன்னால். 1905-இல் ரயில்களும் தந்தியும் மாறின. 1906 ஜனவரி 1 முதல் நாடு முழுவதற்கும் அதுவே நிலையான நேரம் என்றார்கள்.

மதராஸ் தன் கடிகாரத்தை 9 நிமிடம் முன்னால் தள்ளிவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. பம்பாய்க்குத் தள்ள வேண்டியது 39 நிமிடம். அரை மணிக்கே கொடி பிடித்த ஊர் அது. காலமும் சூடான காலம். 1905 அக்டோபரில் வங்காளத்தைப் பிளந்த அதே கர்சனின் கையெழுத்து இந்த நேரத்தின் மீதும் இருந்தது.

முதலில் வெடித்தது ஆலைகளில்தான். 1906 ஜனவரி முதல் வாரத்தில் ஜேக்கப் சசூன் ஆலையில் பல ஆயிரம் தொழிலாளர்கள் தறிகளை விட்டு வெளியே வந்தார்கள், கல் பறந்தது. இதைக் கடிகாரம் புரியாத மக்களின் கலவரம் என்று அன்றைய அதிகாரிகள் ஒதுக்கிவிடப் பார்த்தார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்தால் தொழிலாளர்களுக்குத்தான் நன்றாகப் புரிந்திருந்தது. ஜனவரி மாதத்தில் பம்பாயில் சூரியன் உதிப்பது இன்றைய நேரப்படி காலை 7.15. பழைய பம்பாய் நேரத்தில் அது 6.36. காலை 6 மணிக்கு ஆலைச் சங்கு ஊதினால், பழைய கணக்கில் விடிய 36 நிமிடம் இருக்கும், கீழ்வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். புதிய கணக்கில் அதே 6 மணிக்கு விடிய ஒன்றேகால் மணி நேரம் பாக்கி. நட்ட இருட்டில் எழுந்து, குழாயடியில் வரிசை நின்று, ரொட்டி கட்டிக்கொண்டு பரேல் வரை நடக்க வேண்டும். வேலை முடியும் நேரம் அதற்கு ஏற்ப முன்கூட்டி வருமா என்பதில் யாருக்கும் நம்பிக்கை இல்லை. அப்போதுதான் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்திருந்தது. சூரியன் மறைந்தால் தறி நிற்கும் என்ற பழைய எல்லை உடைந்து, 14 மணி, 15 மணி என்று வேலை நீண்டிருந்தது. பெரியவர்களின் வேலை நேரத்துக்கு 12 மணி என்ற வரம்பு வந்ததே 1911-இன் சட்டத்தில்தான். இந்தச் சூழ்நிலையில் 39 நிமிடம் என்பது உறக்கத்திலிருந்து பிடுங்கப்பட்ட 39 நிமிடம். அவர்கள் கோபப்பட்டது முற்றிலும் நியாயம் என்றே இத்தொடர் கருதுகிறது.

கோபம் ஆலையோடு நிற்கவில்லை. கூட்டங்கள் நடந்தன, ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி வைஸ்ராய்க்கு மனு போனது. பெரோஸ்ஷா மேத்தா போன்றவர்கள் நகராட்சி மன்றத்தில் எழுந்து, மக்களைக் கலந்தாலோசிக்காமல் நேரத்தை மாற்ற யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார்கள். அந்த ஆண்டிலேயே மன்றம் தன்னுடைய கடிகாரங்கள் பம்பாய் நேரத்தையே காட்டும் என்று முடிவெடுத்தது. கிராபர்டு மார்க்கெட்டின் கடிகாரமும் அதில் சேர்த்தி.

இப்படியாக இரண்டு நேரம் கொண்ட நகரமாகப் பம்பாய் இருபதாம் நூற்றாண்டுக்குள் நடந்தது. விக்டோரியா டெர்மினஸின் எதிரே சாலையைத் தாண்டினால் நகராட்சிக் கட்டடம். இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, எப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். சாலைக்கு இந்தப் பக்கம் ரயில்வே நண்பகல் 12 என்றால், அந்தப் பக்கம் நகராட்சிக்கு மணி 11.21. அரசு அலுவலகம், தந்தி, ரயில் ஆகியவற்றுக்கு நிலையான நேரம். நகராட்சிக்கும், அதைப் பின்பற்றிய வீடுகளுக்கும் கடைகளுக்கும் பம்பாய் நேரம். கல்யாணப் பத்திரிகையிலும் கூட்ட அறிவிப்பிலும் எந்த நேரம் என்று எழுத வேண்டியிருந்தது.

தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் பம்பாய்க்கு வந்து குடியேறியது இந்த இரட்டை நேரக் காலத்தில்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்கள் தாராவியில் கால் ஊன்றினார்கள். 1896-இன் பிளேக் கொள்ளைநோய்க்குப் பிறகு, நெரிசலைக் குறைக்கவென்று நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா பக்கம் புதிய மனைகளை வகுத்தது. தஞ்சாவூர், பாலக்காடு பக்கத்துக் குமாஸ்தாக்களும் சுருக்கெழுத்தாளர்களும் 1920-களிலும் 30-களிலும் அங்கே வீடு பிடித்தார்கள். 1932-இல் அவர்கள் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் இன்று பெரிய கல்லூரிகளை நடத்துகிறது. 1915-இல் எழுந்த மாட்டுங்கா ரயில்வே பட்டறை ரயிலின் நேரத்தில் வேலை செய்தது. பக்கத்துத் தெருவோ நகராட்சியின் ஆளுகை. செம்பூர் அப்போது நகராட்சி எல்லைக்கு வெளியே, வயலும் குப்பை மேடுமாகக் கிடந்தது. 1906-இல் குர்லாவிலிருந்து அங்கே போட்ட தண்டவாளம் நகரத்தின் குப்பையை ஏற்றிச் செல்லத்தான். 1924-இல் ஆட்களை ஏற்றத் தொடங்கியது. அந்த வண்டியில் பம்பாயின் கோட்டைப் பகுதிக்குப் போய்வந்த குமாஸ்தா வீட்டை விட்டதிலிருந்து நாற்காலியில் உட்காரும்வரை இரண்டு நேரங்களுக்கு நடுவே போய்வந்தார்.

திருநெல்வேலிக்காரருக்கு இன்னும் ஒரு கணக்கு உண்டு. நெல்லையின் சூரியன் பம்பாய் சூரியனுக்குச் சுமார் 20 நிமிடம் முன்னால். ஊரில் கோழி கூவியபோது எழுந்த உடம்பு, பம்பாயின் கடிகாரம் எதைக் காட்டினாலும், முதல் சில நாட்கள் சீக்கிரமே விழித்துக்கொள்ளும்.

போர் வந்தபோது குழப்பம் உச்சத்துக்குப் போனது. 1942 செப்டம்பர் 1-இல் இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது அரசு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவும் பகல் வெளிச்சத்தைப் போர் வேலைக்குப் பயன்படுத்தவும் இந்த ஏற்பாடு. 1945 அக்டோபர் வரை அது நீடித்தது. பம்பாயின் சூரியன் இப்போது அரசுக் கடிகாரத்துக்கு 1 மணி 39 நிமிடம் பின்னால். ஜனவரியில் காலை 8.15-க்குத்தான் உதயம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருட்டில் டிராமுக்குக் காத்து நின்ற காலம் அது.

பம்பாய் நேரம் கடைசியில் சாதுவாகப் போய்ச் சேர்ந்தது. சுதந்திரம் வந்த பிறகு, நிலையான நேரம் கர்சனின் நேரமாக இல்லாமல் நாட்டின் நேரமாகிவிட்டது. எதிர்க்க வேண்டிய ஆள் கப்பலேறிவிட்டார். வானொலி மணிக்கு மணி ஒரே நேரத்தைச் சொன்னது. 1950-களில் நகராட்சி தன் பிடியைத் தளர்த்த, அரை நூற்றாண்டுக் கடிகாரச் சண்டை ஓய்ந்தது.

ஆனால் அரை மணி வித்தியாசம் துணைக்கண்டத்தை விட்டுப் போய்விடவில்லை. 1951-இல் மேற்குப் பாகிஸ்தான் தன் கடிகாரத்தை இந்தியாவிடமிருந்து பிரித்து கிரீன்விச்சுக்கு 5 மணி முன்னால் வைத்துக்கொண்டது. அட்டாரி எல்லையில் மாலை 6 மணி ஆகும்போது சில அடி தள்ளி வாகாவில் 5.30. இதில் ஒரு வேடிக்கை இல்லாத உண்மை இருக்கிறது: பம்பாய் தன் சூரியனுக்காகக் கேட்டது 4.51, கராச்சி பெற்றது 5. சூரியனைப் பொறுத்தவரை மும்பைக்கு இந்திய நேரத்தைவிடப் பாகிஸ்தான் நேரமே நெருக்கம்.

தெற்கே நடந்தது தமிழர்களுக்கு இன்னும் அருகில். 1996-இல் மழை பொய்த்து இலங்கையின் நீர்மின் நிலையங்கள் வறண்டன. மின்சாரத்தைச் சேமிக்க மே 25-இல் கொழும்பு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியது. பிறகு அக்டோபர் 26-இல் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தது. கிரீன்விச்சுக்கு 6 மணி என்ற அந்த நேரம் பத்து ஆண்டுகள் நிலைத்தது. சென்னையில் இருந்து கொழும்புக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் அந்தப் பத்து ஆண்டும் அரை மணி கூட்டிக்கொண்டே பேசினார்கள். விடுதலைப்புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி மட்டும் மாறவில்லை. அங்கே பழைய நேரமே, அதாவது இந்தியாவின் நேரமே ஓடியது. 2002-இல் ஏ9 சாலை திறந்த பிறகு, வவுனியாவிலிருந்து வடக்கே போன பேருந்து ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் அரை மணி பின்னால் போனது. காலை 10 மணிக்கு ராணுவத்தின் வரிசையில் பை திறந்து காட்டியவர், இடைப்பட்ட சூனியப் பகுதியைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும்போது மணி இன்னும் 10 ஆகியிருக்காது. யார் ஆட்சி என்பதைக் கொடியைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற நிலை. 2006 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, கொழும்பு மீண்டும் 5.30-க்குத் திரும்பியது. அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அரை மணிக் கணக்கு உலகத்தோடு பேச இடைஞ்சல், 6 மணியே இருக்கட்டும் என்று வாதாடினார். சோதிடர்களும் பழைய ஜாதகங்களும் மறுபக்கம் நின்றன. அவர்கள் பக்கமே வென்றது.

கடிகாரத்தை ஒன்றாக்கிவிடலாம், சூரியனை ஒன்றாக்க முடியாது என்பதை அறிய மும்பைத் தமிழர்கள் வெகு தூரம் போக வேண்டாம். மாட்டுங்கா சந்தையில் வாழையிலையும் மல்லிகையும் விற்கும் கடைகளுக்கு நடுவே பஞ்சாங்கமும் தொங்கும். பெரும்பாலும் தமிழ்நாட்டில் அச்சானவை. அவற்றின் உதயம், அஸ்தமனம் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ கணித்தவை. வீட்டில் வாய்ப்பாடாகச் சொல்லும் ராகு காலமோ காலை 6 மணி உதயத்தை வைத்துச் சொல்வது. திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை. ராகு காலம் என்பது பகலை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு என்பதால் உதயம் மாறினால் அதுவும் மாற வேண்டும். தை மாதத் தொடக்கத்தில் மும்பையில் 7.15-க்கு உதித்து 6.21-க்கு மறைகிற சூரியனை வைத்துக் கணக்கிட்டால், திங்கட்கிழமை ராகு காலம் ஏறத்தாழ 8.40-க்குத் தொடங்கி 10 மணிக்கு முடியும். வாய்ப்பாட்டை நம்பி 9 மணிக்குப் புது வீட்டில் பால் காய்ச்சியவர், சாஸ்திரப்படி தவிர்க்க நினைத்த நேரத்துக்குள்ளேயே அடுப்பை ஏற்றியிருப்பார். மாட்டுங்கா ஆஸ்திக சமாஜத்துக்கோ செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலுக்கோ போய்க் கேட்டு நாள் குறிக்கிறவர்கள் இந்தத் திருத்தத்தோடுதான் குறித்துக்கொள்கிறார்கள்.

எப்போதும் அரை மணி கூட்டினால் போதுமா? நண்பகலுக்குப் போதும். சென்னையின் உச்சிக்கும் மும்பையின் உச்சிக்கும் வருடம் முழுவதும் அதே 30 நிமிடம்தான். உதயத்துக்குப் போதாது. மும்பை வடக்கே ஆறு பாகை தள்ளி இருப்பதால் அங்கே கோடைப் பகல் இன்னும் நீளம், குளிர்காலப் பகல் இன்னும் குறுக்கம். மார்ச் மாதச் சமநாளில் வித்தியாசம் சரியாக அரை மணி. ஜூன் 21-இல் சென்னையில் 5.43-க்கு உதயம், மும்பையில் 6.02-க்கு. இருபது நிமிடம்கூட இல்லை. அன்று மாலையோ சென்னையில் 6.37-க்கு மறையும் சூரியன் மும்பையில் 7.18 வரை நிற்கும். நாற்பது நிமிடத்துக்கு மேல். பொங்கல் சமயத்தில் இது தலைகீழ். சென்னையில் உதயம் 6.35, மும்பையில் 7.15. தாராவியில் வீட்டு வாசலிலும் சந்து முனையிலும் அடுப்பு கூட்டிப் பொங்கல் வைக்கும் பெண்கள், தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பானை பொங்கிக் குலவை கேட்கும்போது இன்னும் இருட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களுடைய சூரியன் வர முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவாகக் காத்திருக்க வேண்டும். 4 மணி 51 நிமிடம் என்று எந்தக் கடிகாரமும் காட்டாவிட்டாலும் அந்தப் பானைகள் பம்பாய் நேரப்படியே பொங்குகின்றன.

நாட்டின் மறு கோடியில் குறை நேர் எதிரானது. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் சூரியன் மிக முன்னதாக உதித்து மிக முன்னதாக மறைகிறது. வெளிச்சம் வீணாகக் கூடாது என்று வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைத்துக்கொண்டார்கள். 'பாகான் நேரம்' என்ற அந்த வழக்கம் இன்றும் தோட்டங்களில் இருக்கிறது. நாட்டின் நேரத்தைக் காக்கும் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் 2018-இல் இந்தியாவுக்கு இரண்டு நேர மண்டலம் சாத்தியமே என்று கட்டுரை எழுதினார்கள். மத்திய அரசு இசையவில்லை. 2025 ஜனவரியில் வெளியான வரைவு விதிகள் வணிகம், சட்டம், நிர்வாகம் அனைத்துக்கும் ஒரே இந்திய நேரத்தைக் கட்டாயமாக்க முனைந்தன.

பம்பாயைப் போலவே கர்சனின் நேரத்தை ஏற்க மறுத்து, முன்னால் தள்ளாமல் 23 நிமிடம் பின்னால் இழுக்க வேண்டியிருந்த இன்னொரு மாநகரம் உண்டு. தன் நேரத்தை 1948 வரை விட்டுக்கொடுக்காத கல்கத்தாவைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)